டார்வின் தீவில் திமிங்கலச் சுறா: பிப்ரவரியில் போகலாமா?

இருபது முறை ஸ்கூபா டைவ் செய்த அனுபவத்தோடு பிப்ரவரியில் ஈக்வடாரின் கலாபகஸ் தீவுகளுக்குப் போனால் திமிங்கலச் சுறா பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் மாதத்தை மாற்றுங்கள். அங்குள்ள டார்வின் தீவுப் பக்கம் அவை பெரும்பாலும் ஜூன் முதல் நவம்பர் வரைதான் வரும். அநேகமாக எல்லாமே பெரிய பெண் சுறாக்கள். அப்போது தண்ணீர் குளிரும், 7 மி.மீ. தடிமனுள்ள டைவ் உடை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கவலை உங்கள் அனுபவத்தைப் பற்றித்தான். அங்கே நீரோட்டம் பொல்லாதது. பாறையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து, சுறா தெரிந்ததும் கையை விட்டு ஆழ்கடல் பக்கம் நீந்த வேண்டும். பிறகு பிடிமானமே இல்லாத நீரில் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் அடையாள மிதவையை மேலே அனுப்பிவிட்டு, சிறிது நேரம் ஒரே ஆழத்தில் நின்றுவிட்டு நிதானமாக ஏற வேண்டும். அவசரமென்றால் ஊர் பக்கத்தில் இல்லை. பல நாள் தங்கியே டைவ் செய்யும் தங்கு கப்பலில்தான் அங்கே போகவே முடியும். ஆகவே இந்த வருடம் மாலத்தீவின் கடல் கால்வாய்களில் நீரோட்ட டைவ் பழகுங்கள். மான்டா திருக்கைகளையும் அங்கேயே பார்க்கலாம்.