இரண்டு தாளிலும் ஐம்பதைத் தாண்டியும் தோல்வியா?

கேள்வி: நான் எம்.எஸ்சி. வேதியியல் படித்தவள். கோவையில் ஒரு காப்புரிமை ஆலோசனை நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். பேட்டன்ட் ஏஜென்ட், அதாவது பிறருக்காகக் காப்புரிமை விண்ணப்பங்களைக் கையாளும் முகவர் ஆவதற்கான தேர்வு எழுதினேன். முதல் தாளில் 61, இரண்டாம் தாளில் 52, நேர்முகத்தில் 28. இரண்டு தாளிலும் ஐம்பதைத் தாண்டியும் தேர்ச்சி இல்லை என்று வந்துவிட்டது. இது சரியா? பத்து வருட அனுபவம் சேர்ந்தால் தேர்வே வேண்டாம் என்கிறார் முதலாளி. வக்கீலுக்குப் படித்தால் போதும் என்கிறாள் தோழி. என் விசிட்டிங் கார்டில் நிறுவனமே ‘பேட்டன்ட் ஏஜென்ட்’ என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. அதனால் சிக்கல் வருமா?

பதில்: சகோதரி, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கார்டை இன்றோடு நிறுத்துங்கள். 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 129ஆவது பிரிவு, பதிவு பெறாத ஒருவர் தன்னைக் காப்புரிமை முகவர் என்று சொல்லிக்கொள்வதைத் தடுக்கிறது. பிறர் தன்னை அப்படி அழைக்க அனுமதிப்பதையும் அதே பிரிவு தடுக்கிறது. ஆகவே ‘கம்பெனிதான் அச்சடித்தது’ என்ற பதில் உங்களைக் காப்பாற்றாது. 123ஆவது பிரிவின்படி ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். ‘என் பெயருடன் இந்தப் பட்டத்தைப் போட வேண்டாம்’ என்று நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதும் விவரக்குறிப்புகளை, அதாவது கண்டுபிடிப்பை விவரிக்கும் ஆவணங்களை, பதிவு பெற்ற முகவர் ஒருவர் படித்து, கையெழுத்திட்டு, பொறுப்பேற்கிறாரா? அப்படியென்றால் நீங்கள் அவருடைய உதவியாளர். அப்படி ஒருவருமே அங்கே இல்லையென்றால், கார்டைவிடப் பெரிய ஆபத்தில் இருக்கிறீர்கள். மற்றவர்களுக்காக விவரக்குறிப்பு தயாரிப்பதையே 129ஆவது பிரிவு முகவர் தொழிலாகக் கணக்கில் எடுக்கிறது.

இனி மதிப்பெண். காப்புரிமை விதிகள் 2003இல் 110ஆவது விதி இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது. ஒவ்வொரு எழுத்துத் தாளிலும் 50 சதவீதம் வேண்டும். அப்புறம் மொத்தத்தில் 60 சதவீதம் வேண்டும். தாள்கள் தலா 100, நேர்முகம் 50, ஆக 250. அதில் 60 சதவீதம் 150. உங்களுடையது 141. முதல் நிபந்தனையைத் தாண்டிவிட்டீர்கள், இரண்டாவதில் ஒன்பது மதிப்பெண் குறைந்துவிட்டது. முடிவு விதிப்படி சரிதான். இந்த மதிப்பெண்ணை அடுத்த தேர்வுக்கு எடுத்துச் செல்லவும் விதியில் இடமில்லை.

விடைத்தாளைப் பார்க்க வேண்டுமென்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு போடலாம். தேர்வு எழுதியவர் திருத்தப்பட்ட தன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மறுதிருத்தம் இதனால் கிடைத்துவிடாது. கூட்டலில் பிழை இருந்தால் தெரியவரும்.

பத்து வருடக் கணக்கை உங்கள் முதலாளி தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார். 126ஆவது பிரிவு தரும் அந்தச் சலுகை, காப்புரிமை அலுவலகத்தில் பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல் விண்ணப்பங்களை ஆய்வு செய்யும் அதிகாரியாகவோ, அவற்றின் மேல் முடிவெடுக்கும் கட்டுப்பாட்டாளர் பொறுப்பிலோ இருந்து, அந்தப் பதவியை விட்டு வந்தவர்களுக்குத்தான். தனியார் நிறுவனத்தில் இருபது வருடம் இருந்தாலும் அது சேராது.

தோழி சொல்வதற்கு ஒரு வரலாறு உண்டு. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் தேர்வுக்குப் பதிலாக ஏற்கப்பட்டுவந்த ‘வழக்கறிஞர்’ என்ற தகுதியை 126ஆவது பிரிவிலிருந்து நீக்கியது. அது அரசியலமைப்புக்கு முரணானது என்று 2013இல் நம் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைத் தவிர, முகவராக இல்லாத வழக்கறிஞரும் கட்டுப்பாட்டாளர் முன் நடக்கும் விசாரணையில் கட்சிக்காரருக்காக ஆஜராக 132ஆவது பிரிவு இடம் தருகிறது. சரி, ஆனால் முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வழக்கறிஞர் தொழில் செய்ய பார் கவுன்சில் விதி அனுமதிக்காது. ஒன்பது மதிப்பெண்ணுக்காக மூன்று வருடப் படிப்பையும் இருக்கிற வேலையையும் பணயம் வைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

உங்களுக்கு வேண்டிய ஒன்பதும் வரைவு எழுதும் இரண்டாம் தாளில் கிடக்கிறது. உங்கள் ஊர் வெட் கிரைண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவு வழிக்கப் பாத்திரத்தைச் சாய்க்கும் ஒரு புதுக் கைப்பிடிக்கு உரிமைக்கோரிக்கை, அதாவது எதற்குக் காப்புரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாக்கியம், எழுதச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். ‘எவர்சில்வர் கைப்பிடி’ என்று முதல் கோரிக்கையிலேயே எழுதினால் மதிப்பெண் போச்சு. பக்கத்துப் பட்டறைக்காரர் அலுமினியத்தில் செய்துகொண்டு தப்பிவிடுவார். கைப்பிடி எதோடு எப்படி இணைந்து பாத்திரத்தைச் சாய்க்கிறது என்பது மட்டும் முதல் கோரிக்கையில் வரட்டும். எவர்சில்வர் அதைச் சார்ந்த இரண்டாவது கோரிக்கைக்குப் போகட்டும். தினம் ஒரு பொருளை மேசைமேல் வைத்து, ஒரே வாக்கியத்தில் ஒரு கோரிக்கை எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு சொல்லையும் அடித்துப் பாருங்கள். அந்தச் சொல் இல்லாமலும் பொருள் வேலை செய்து, பழைய பொருள்களிலிருந்து புதியதாகவும் நின்றால், அந்தச் சொல் முதல் கோரிக்கையில் தேவையில்லை.

சட்டத்தையும் விதிகளையும் கேட்கும் முதல் தாளுக்குப் பழைய கையேட்டை நம்ப வேண்டாம். விண்ணப்பத்தை ஆய்வு செய்யும்படி காப்புரிமை அலுவலகத்திடம் கேட்பதற்கான கெடு 48 மாதம் என்று பல கையேடுகளில் இன்னும் இருக்கிறது. 2024 மார்ச் 15 முதல் அது 31 மாதம். அந்தத் தேதிக்கு முன் தாக்கலான விண்ணப்பங்களுக்குப் பழைய 48 மாதமே தொடர்கிறது. இரண்டையும் தெரிந்துகொண்டு போங்கள். தேர்ச்சி பெற்றதும் படிவம் 22இல் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகு புதுக் கார்டு அச்சடித்துக்கொள்ளலாம்.