மேகத்தில் வைத்த வில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கினால் வானவில் பற்றிய கேள்விகளும் வரத் தொடங்கிவிடும். நம் சீமையின் அமைப்பு அப்படி. மேற்கே பொதிகை, கிழக்கே கடல். சாயங்காலம் மலைப்பக்கம் வெயில் அடித்து, கடல் பக்கம் மழை இருட்டிக்கொண்டு நின்றால் வானவில் பளிச்சென்று விழும். வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நோவா காலத்துப் பிரளயம் வடிந்ததும், தேவன் மேகத்தில் வில்லை வைத்து வாக்குக் கொடுத்ததும் வேதத்தில் ஆதியாகமம் 8, 9 அதிகாரங்களில் வருகின்றன. அவற்றைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தால் நல்லது.

ஏரலிலிருந்து ஒரு வாசகி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீடு போய்விட்டது, ஐயா. கட்டியிருந்த ஆடுகளும் போயின. இனி வெள்ளத்தால் அழிப்பதில்லை என்று வானவில்லைக் காட்டிக் கர்த்தர் சொன்னாரே, அந்த வாக்கு என்னவாயிற்று? பிறகு எங்கள் பக்கம் வந்த ஒரு பிரசங்கியார், இது பாவத்துக்கு வந்த தண்டனை என்றார். அதிலிருந்து வேதத்தைத் திறக்கவே மனசு வரவில்லை.

அம்மா, முதலில் அந்தப் பிரசங்கத்தை மனதிலிருந்து எடுத்துப்போடுங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எல்லாம் இழந்து நிற்பவர்கள் மேல் பழியையும் ஏற்றிவிடும் பேச்சுக்கு ஆண்டவர் வாயாலேயே மறுப்பு உண்டு.

இனி அந்த வாக்கைப் பார்ப்போம். மாம்சமான யாவும் சாகும்படி, பூமி முழுவதும் அழியும்படி இனி ஒரு ஜலப்பிரளயம் வராது என்பதுதான் அது. தாமிரபரணி கரை புரளாது என்று அங்கே சொல்லப்படவில்லை. 1992-லும் ஆறு ஊருக்குள் வந்தது. 2023-ல் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. குளங்கள் உடைந்தன, ஏரல் பாலம் அறுந்தது, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பேர் சிக்கிக்கொண்டார்கள். மழையின் அளவும், தூர்ந்த குளமும், அடைபட்ட வாய்க்காலும் சேர்ந்து செய்த வேலையை உங்கள் வீட்டுப் பாவக்கணக்கில் எழுத யாருக்கும் உரிமையில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரளயத்துக்கு முன், மனுஷனுடைய இருதயத்து நினைவுகள் பொல்லாதவை என்று தேவன் காண்கிறார் (6:5). பிரளயம் வடிந்த பிறகும், மனுஷனுடைய இருதயத்தின் நினைவுகள் சிறுவயது தொடங்கிப் பொல்லாதவை என்றே சொல்கிறார் (8:21). மனிதன் மாறவே இல்லை. ஆனால் முதலில் அழிவுக்குக் காரணமாக நின்ற அதே உண்மை, இப்போது இனி அழிப்பதில்லை என்ற முடிவோடு சேர்ந்து வருகிறது. நாம் நல்லவர்களாக இருப்போம் என்று நம்பி அவர் அந்த வாக்கைத் தரவில்லை. வெள்ளம் வந்த ஊரெல்லாம் பாவி ஊர், வராத ஊரெல்லாம் பரிசுத்த ஊர் என்று பிரிப்பவர்கள் இந்த இரண்டு வசனங்களையும் அடுத்தடுத்து வைத்து வாசிக்க வேண்டும்.

பூமி உள்ள நாளளவும் விதைப்பும் அறுப்பும் ஒழிவதில்லை என்று அதே இடத்தில் வருகிறது. வெள்ளம் வடிந்ததும் வயலில் ஏறிக்கிடந்த மணலை வாரிக் கொட்டிவிட்டு நம் ஆட்கள் மறுபடி வாழைக்கன்று வைத்தார்களே, அந்த வாக்கின் மேல் நின்றுதான் வைத்தார்கள். உங்கள் ஆடுகள் போனதும் சின்ன இழப்பல்ல. நோவாவின் பேழையிலிருந்து வெளியே வந்த நாட்டுமிருகங்களையும் சேர்த்தே தேவன் அந்த வாக்கை உடன்படிக்கையாகச் செய்தார் (9:10). வேதத்தைத் திறக்க மனசு வரும்போது ஆதியாகமத்தில் தொடங்க வேண்டாம். 69-ஆம் சங்கீதத்தைத் திறங்கள். தண்ணீர் கழுத்துமட்டும் வந்துவிட்டது என்று தேவனிடமே முறையிடுகிற ஒருவருடைய ஜெபம் அது. நீங்களும் முறையிடலாம், அம்மா. அதற்கு இடமிருக்கிறது.

பணகுடியிலிருந்து: மகனுக்குப் பெண் பார்க்கப் போகிற வழியில் வானவில் தெரிந்தது. கர்த்தரே சம்மதம் சொல்லிவிட்டார் என்று மைனி அடித்துச் சொல்கிறாள். எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். அன்றைக்கு அந்த ரோட்டில் போன லாரிக்காரர், மாடு மேய்த்தவர் எல்லாரும் அதே நேரத்தில் ஒரு வானவில்லைப் பார்த்திருப்பார்கள். அவர்கள் யாருக்கும் சம்பந்தம் முடிவாகவில்லை. பூமி முழுவதுக்கும் வைத்த அடையாளத்தை ஒரு வீட்டுக்குக் குறி சொல்ல இழுக்கக் கூடாது. பெண்ணுக்கு மனப்பூர்வமான சம்மதம் இருக்கிறதா என்று அவளையே தனியாக விசாரியுங்கள். மகனையும் கேளுங்கள். ஜெபியுங்கள். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிப்பதே தடை ஏதும் இருக்கிறதா என்று மனிதர்களிடம் கேட்பதற்காகத்தானே.

சுரண்டையிலிருந்து ஒரு தகப்பனார்: பிளஸ் ஒன் படிக்கும் மகன், வானவில் என்பது ஒளிவிலகல், அதில் தேவனுக்கு என்ன வேலை என்கிறான். பிரளயத்துக்கு முன் வானவில்லே இல்லையா என்றும் கேட்கிறான். பதில் சொல்லத் தெரியவில்லை.

தம்பி படித்தது சரி, அதை மறுக்காதீர்கள். வெயில் மழைத்துளிக்குள் நுழையும்போது வளைந்து, உள்ளே பின்சுவரில் பட்டுத் திரும்பி, வெளியே வரும்போது மறுபடி வளைகிறது. சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளியிலிருந்து சுமார் 42 டிகிரியில் அந்த வண்ண வளையம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால்தான் உச்சிவெயிலில் தரையில் நின்று வானத்தில் வானவில் பார்க்க முடியாது. துளிக்குள் நடப்பதை ஐரோப்பாவில் முதலில் சரியாக விளக்கியவர்களில் ஒருவர் ஃப்ரைபர்க் ஊர் தியோடோரிக் என்ற டொமினிக்கன் சபைத் துறவி. 1300-களின் தொடக்கத்தில், தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டைகளை மழைத்துளியாக வைத்துச் சோதித்துப் பார்த்தார். தேவனைத் தொழுத அதே மனிதர்தான் அதையும் அளந்தார். மகனிடம் இதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்விக்குச் சபையின் பெரியவர்களிடமே இரண்டு பதில் உண்டு. பிரளயத்துக்குப் பிறகுதான் வானவில் புதிதாக உண்டானது என்று லூத்தர் எண்ணினார். முன்பே இயற்கையில் இருந்ததைத் தேவன் எடுத்து அடையாளமாக்கினார் என்றார் கால்வின். நான் கால்வின் பக்கம். நம் ஆண்டவர் செய்ததும் அப்படித்தான். அப்பமும் திராட்சரசமும் அந்த இராப்போஜனத்துக்கு முன்பே எல்லார் வீட்டிலும் இருந்தவை. ஞானஸ்நானத் தண்ணீரும் ஆற்றில் ஓடுகிற தண்ணீர்தான். ஏற்கெனவே இருப்பதன் மேல் தேவன் தம் வாக்கை வைக்கிறார். ஆகவே ஒளிவிலகலைப் படித்து அவன் விசுவாசத்தை இழக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

தென்காசியிலிருந்து: நான் இந்து. கிறிஸ்தவப் பள்ளியில் படித்ததால் நோவா கதை தெரியும். அந்த வாக்கு உங்கள் ஆட்களுக்கு மட்டுமா, எங்களுக்கும் சேர்த்தா?

உங்களுக்கும் சேர்த்துத்தான், ஐயா. சந்தேகமே வேண்டாம். ஆபிரகாம் வருவதற்கு முன், இஸ்ரவேல் என்றொரு ஜனம் உண்டாவதற்கு முன், சபை என்ற ஒன்று தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பு கொடுத்த வாக்கு அது. ஆபிரகாமுக்குக் கொடுத்த அடையாளம் விருத்தசேதனம் என்ற சுன்னத்து, இஸ்ரவேலுக்கு ஓய்வுநாள். இரண்டிலும் மனிதன் கைக்கொள்ள வேண்டியது ஒன்று இருந்தது. வானவில்லோ யாரும் எதுவும் செய்யாமலே மேகத்தில் நிற்கிறது. 2023 வெள்ளத்தில் கோயில், பள்ளிவாசல், பள்ளிக்கூடம் என்று எங்கே மேடு இருந்ததோ அங்கே எல்லாரும் ஏறி நின்றார்கள், ஒரே அண்டாவில் பொங்கித் தின்றார்கள். ஆதியாகமம் 9-ஐ நம் ஊர் ஜனங்கள் அந்த நாட்களில் சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

உவரிப் பக்கமிருந்து ஒரு வாசகி: வானவில்லைப் பார்த்தால் என்ன ஜெபம் சொல்ல வேண்டும்?

நீங்கள் கத்தோலிக்கர் என்றால் உங்கள் வேதாகமத்தில் சீராக்கின் ஞானம் 43-ஆம் அதிகாரம் இருக்கிறது. வானவில்லைப் பார்த்து, அதை உண்டாக்கியவரைப் புகழச் சொல்கிறது. எங்கள் சபைகளில் வாசிக்கும் வேதாகமத்தில் அந்தப் புத்தகம் இல்லை. ஆனால் அந்தப் புகழ்ச்சியில் எங்களுக்கும் மறுப்பில்லை. யூதர்களுக்கு இதற்கென்றே ஒரு ஆசீர்வாத ஜெபம் உண்டு. உடன்படிக்கையை நினைவுகூருகிறவர் என்று தேவனை அதில் அழைக்கிறார்கள்.

அது மிகச் சரியான அழைப்பு. 9:16-ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். வில் மேகத்தில் தோன்றும்போது, உடன்படிக்கையை நினைவுகூரும்படி தாம் அதை நோக்கிப்பார்ப்பதாகத் தேவன் சொல்கிறார். நாம் அண்ணாந்து பார்க்காவிட்டாலும் அவர் பார்க்கிறார். வானவில்லை நாம் தவறவிடலாம், கண் தெரியாத பாட்டிக்கு அது தெரியாமலே போகலாம். வாக்கு நம் கண்ணை நம்பி நிற்கவில்லை. என்னைக் கேட்டால், வானவில் பற்றி வேதம் சொல்வதில் இதைவிட ஆறுதலானது வேறொன்றுமில்லை. ஜெபத்தைப் பெரிதாகச் சோடிக்க வேண்டாம். "ஆண்டவரே, நீர் நினைத்திருக்கிறீர், ஸ்தோத்திரம்" என்றால் போதும்.

நாசரேத்திலிருந்து: வெளிப்படுத்தின விசேஷத்தில் வானவில் மரகதம் போல இருந்தது என்று வருகிறதே. ஏன் பச்சை?

ஏன் பச்சை என்று அந்தப் புத்தகத்தை எழுதிய யோவான் விளக்கவில்லை, நானும் இட்டுக்கட்டப் போவதில்லை. அது எங்கே இருக்கிறது என்பதைப் பாருங்கள். சிங்காசனத்தைச் சுற்றி இருக்கிறது (4:3). அந்தச் சிங்காசனத்திலிருந்து மின்னலும் இடிமுழக்கமும் புறப்படுகின்றன. பிறகு முத்திரைகள் உடைகின்றன, எக்காளங்கள் ஊதுகின்றன. அத்தனை நியாயத்தீர்ப்பும் நோவாவுக்குக் கொடுத்த வாக்கு சுற்றி நிற்கிற இடத்திலிருந்துதான் வருகிறது. எசேக்கியேலும் தம் முதல் தரிசனத்தில் மழைநாள் வானவில்லைப் போன்ற பிரகாசத்தையே கண்டார் (1:28). அவர் அப்போது பாபிலோன் தேசத்தில், ஊரையும் ஆலயத்தையும் விட்டுச் சிறைப்பட்டுப் போனவர்கள் நடுவில் இருந்தார்.

வள்ளியூரிலிருந்து: இரட்டை வானவில் இரட்டிப்பான ஆசீர்வாதமா?

வேதத்தில் அப்படி எதுவும் இல்லை. துளிக்குள் ஒளி இரண்டு தடவை பட்டுத் திரும்பினால் வெளியே இரண்டாவது வில் மங்கலாகத் தெரியும், அதில் நிறங்கள் தலைகீழாக இருக்கும். அழகு. ரசியுங்கள்.

மெஞ்ஞானபுரம் பக்கமிருந்து ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை: சிவப்பு இரத்தம், நீலம் பரலோகம் என்று ஏழு நிறத்துக்கும் அர்த்தம் சொல்லிக் கொடுக்கிறோம். சரியா?

பிள்ளைகளுக்குப் பாட்டாகச் சொல்லிக்கொடுங்கள், தப்பில்லை. ஆனால் வேதம் நிறங்களை எண்ணவே இல்லை. ஏழு என்ற கணக்கு நியூட்டனால் நிலைத்தது. ஆதியாகமம் 9 திரும்பத் திரும்பச் சொல்வது வேறொன்றை: சகல ஜீவஜந்துக்களும். அடுத்த விடுமுறை வேதாகமப் பள்ளியில் கலர் அடித்து முடித்த பிறகு, இந்த உடன்படிக்கையில் நம் ஊரிலிருந்து யார் யார் இருக்கிறார்கள் என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். வெள்ளாடு, மயில், கீரி, ஓணான், கூந்தன்குளத்துக்கு வந்து கூடு கட்டுகிற பறவைகள் என்று அடுக்குவார்கள். ஓணானைக் கல்லால் அடிக்கிற பையன் ஒருவனாவது வகுப்பில் இருப்பான். பாடம் அவனுக்கு உடனே புரியும்.