மாலினி சுப்பிரமணியமும் ஒரு வாடகை வீடும்

மோதல் நடக்கும் ஊரிலேயே குடியிருந்து எழுதும் பெண் பத்திரிகையாளரை அடக்குமுறை எந்த வழியில் நெருங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சேலத்தில் பகுதிநேரச் செய்தியாளராக இருக்கும் எனக்கு உடனே நினைவுக்கு வருபவர், மாவோயிஸ்டுகளுக்கும் பாதுகாப்புப் படையினருக்கும் மோதல் நடந்த சத்தீஸ்கரின் தென்பகுதியான பஸ்தரில் இருந்து எழுதிய மாலினி சுப்பிரமணியம்.

சத்தீஸ்கரில் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவில் பணியாற்றிய அவர், பிறகு பஸ்தரின் முக்கிய நகரமான ஜகதல்பூரில் குடியிருந்துகொண்டு 'ஸ்க்ரோல்' இணைய இதழுக்கு எழுதினார். பாதுகாப்புப் படையினர் மீது பீஜப்பூர் மாவட்ட ஆதிவாசிப் பெண்கள் கூறிய பாலியல் வன்முறைப் புகார்களையும், சாதாரண கிராமத்தார் பலர் 'சரணடைந்த மாவோயிஸ்டுகள்' கணக்கில் சேர்க்கப்பட்டதையும் வெளியே கொண்டுவந்தார். 2016 பிப்ரவரி 7 அன்று ஒரு கும்பல் அவர் வீட்டின் முன் கோஷமிட்டது. மறுநாள் அதிகாலையில் கல்வீச்சில் அவரது காரின் பின்கண்ணாடி நொறுங்கியது. அடுத்து நடந்ததுதான் என்னை அதிகம் உலுக்கியது: அவர் வீட்டில் வேலை செய்த பெண்ணையும் வீட்டு உரிமையாளரையும் காவல்துறை அழைத்து விசாரிக்க, உரிமையாளர் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அந்த மாதமே மாலினி ஊரைவிட்டு ஐதராபாத்துக்கு வெளியேற நேர்ந்தது.

அதன் வலியில் ஒரு துளி எனக்கும் தெரியும். சேர்வராயன் மலையடிவாரத்துக் கல்குவாரி ஒன்றைப் பற்றி நான் எழுதிய வாரத்தில், அஸ்தம்பட்டியில் நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளரம்மா, அதுவரை முருங்கைக்கீரை பறித்தால் எனக்கும் ஒரு கை கொடுத்தனுப்பியவர், மாடிப்படியிலேயே நின்று, "கண்ணு, வேற வீடு பாத்துக்க, அட்வான்ஸை முழுசா தந்துடறோம்" என்றார். யார் வந்து பேசினார்கள் என்று கேட்டேன். முந்தானையால் கைப்பிடிச் சுவரைத் துடைத்துக்கொண்டே இருந்தார், பதில் சொல்லவில்லை. அவர் மீது எனக்குக் கோபமில்லை. பயந்தவரைப் பயமுறுத்தியவரோடு சேர்த்து எண்ணக் கூடாது.

எனக்குப் போக வேறொரு தெரு இருந்தது, மாலினிக்கு ஐதராபாத் இருந்தது. ஆனால் பஸ்தர் மண்ணிலேயே பிறந்து செய்தி சேகரித்த சந்தோஷ் யாதவும் சோமாரு நாகும் 2015இலேயே கைது செய்யப்பட்டுச் சிறையில் இருந்தார்கள். மாலினிக்கு 2016இல் பன்னாட்டுப் பத்திரிகைச் சுதந்திர விருது கிடைத்ததைப் பாராட்டும்போது, அவரிடம் பேசத் துணிந்துவிட்டு அதே கிராமங்களில் தொடர்ந்து வாழ்ந்த பெண்களையும் நாம் மறக்கக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

வெளியேறிய பிறகும் அவர் பஸ்தரைப் பற்றி எழுதுவதை நிறுத்தவில்லை. கல்குவாரிச் செய்தியின் அடுத்த பகுதியை நானும், புது வீட்டில் பிரிக்காத அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதி அனுப்பினேன்.