71 வயதில் ‘80 சதவீத வயிறு’ சரிப்படுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 71, உயரம் 165 செ.மீ. சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ஜப்பானியர்களின் நீண்ட ஆயுளைப் பற்றி ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து, வயிறு 80 சதவீதம் நிறைந்ததும் எழுந்துவிடுகிறார். இரவில் மிசோ சூப் (புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்த சூப்) மட்டும்தான். மூன்று மாதத்தில் 58 கிலோவிலிருந்து 54 ஆகிவிட்டார். தொடரலாமா?

பதில்: இரவில் வெறும் சூப்போடு படுப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் என்றால் தூக்கத்தில் சர்க்கரை இறங்கிவிடும் ஆபத்து உண்டு. எடை இறங்கியதை இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லுங்கள். காரணம் சாப்பாடு மட்டும்தானா என்று அவர் பார்க்கட்டும்.

80 சதவீதப் பழக்கத்துக்குப் பேர்போனது ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவா தீவு. 1950 வாக்கில் அங்கே கலோரியில் பாதிக்கு மேல் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்தே கிடைத்தது. கூடவே பாகற்காய், டோஃபு (சோயா பனீர்), கடற்பாசி. பன்றிக்கறி பெரும்பாலும் விசேஷ நாளில்தான். அந்த அளவான சாப்பாட்டில் போருக்குப் பிந்தைய வறுமைக்கும் பங்கு உண்டு. நாற்பது, ஐம்பது வயதில் தொப்பையோடு இருப்பவருக்கு இது அருமையான பழக்கம். ஏற்கெனவே ஒல்லியாக இருக்கும் 71 வயதுக்காரருக்கு அல்ல.

ஜப்பான் அரசின் வழிகாட்டுதலே இதைச் சொல்கிறது. 2020 பதிப்பில், 50 வயதுக்குட்பட்டவர்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண்) 18.5 இருந்தாலே போதும். 65-ஐத் தாண்டியவர்களுக்கோ 21.5 முதல் 24.9 வரை. வயதான பிறகு எடை இறங்கினால் கூடவே தசையும் கரையும். அப்புறம் விழுவது, எலும்பு முறிவது, படுக்கை என்று போய்விடும். உங்கள் அப்பா இப்போது 19.8-இல் இருக்கிறார். அவர் உயரத்துக்கு 58, 59 கிலோவாவது வேண்டும்.

அடுத்தது மிசோ. ஒரு கிண்ண சூப்பில் ஒன்றேகால் கிராம் அளவுக்கு உப்பு இருக்கும். நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரஷர் உள்ளவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஜப்பானில் 1951 முதல் 1980 வரை மரணத்துக்கு முதல் காரணமே பக்கவாதம்தான். ஊறுகாயும் மிசோவும் தாராளமாகப் புழங்கிய மலைநாடான நாகானோவில் அது கடுமையாக இருந்தது. அங்கே சுகாதாரத் தொண்டர்கள் ஊர் ஊராகப் போய் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள்: சூப்பை அடியோடு விட வேண்டாம், கிண்ணத்தில் மிசோ கரைத்த சாற்றைக் குறைத்துக் காய்கறியை நிறையப் போடுங்கள் என்று. 2010 கணக்கெடுப்பில் ஆண், பெண் இருபாலாரின் ஆயுளிலும் நாகானோதான் ஜப்பானிலேயே முதலிடம். வீடியோக்களில் யாரும் பேசாத இந்தக் கதைதான் எனக்கு ஒகினாவாவைவிடப் பெரிய பாடம்.

சரி, அப்பா எதைப் பின்பற்றலாம்? தட்டில் காய், கீரையை முதலில் சாப்பிட்டு, பிறகு மீனோ பருப்போ, கடைசியில் சோறு. ஜப்பானில் சர்க்கரை நோயாளிகளுக்கு இப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். சாப்பிட்டபின் சர்க்கரை மெதுவாக ஏறும். புரதம் நாளுக்கு 60 கிராம் வரை தேவை, அதை மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20. சைவம் என்றால் சுண்டல், பனீர், தயிர், சோயா. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு) கூடியிருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

அவர் பல்லையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மெல்ல முடியாமலும் சிலர் பாதியில் எழுந்துவிடுவார்கள்; கேட்டால் வயிறு நிறைந்துவிட்டது என்பார்கள். 80 வயதில் 20 பற்கள் என்று 1989-இலேயே ஜப்பான் ஒரு இயக்கம் தொடங்கியது இதற்காகத்தான். வாரம் ஒருநாள் காலையில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மாதம் ஒரு கிலோ ஏறினாலே போதும். ஒழுங்காகச் சாப்பிட்டும் இறங்கினால் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம்.