ஒரே காரில் டர்போவும் சாதாரண இன்ஜினும்: அந்தக் கூடுதல் ஒரு லட்சம் எதற்கு?

ஒரே காரில் சாதாரண பெட்ரோல் இன்ஜின் வகையும் டர்போ வகையும் கிடைக்கின்றன, விலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய் வேறுபாடு இருக்கிறது, ஓட்டும்போது உண்மையில் என்ன வித்தியாசம் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். "வேகம் வேண்டுமென்றால் டர்போ, மைலேஜ் வேண்டுமென்றால் சாதாரணம்" என்று ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த வரி பாதி தவறு என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் மாதச் சம்பளக்காரர், வார நாட்களில் நகர நெரிசலில் அலுவலகம் போய்வருகிறவர், அவ்வப்போது பெற்றோரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு சொந்த ஊருக்குச் செல்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். கேள்வியின் தொனி அப்படித்தான் இருக்கிறது. நான் ஆட்டோமொபைல் பொறியாளன் அல்லன். கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒரே மாடலின் இரண்டு வகைகளும் இருக்கின்றன: என்னிடம் 1.2 லிட்டர் சாதாரண இன்ஜின், என் மைத்துனரிடம் 1.0 லிட்டர் டர்போ. இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எந்த நிறுவனத்தின் கார் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு இன்ஜினை விட்டுவிட்டு, அந்த நிறுவனம் நல்லதா கெட்டதா என்று திரும்பிவிடும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். எனவே எவ்வளவு காற்று சிலிண்டருக்குள் போகிறதோ அந்த அளவுக்குத்தான் இன்ஜினுக்குத் திறன். சாதாரண இன்ஜினில், பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் வெற்றிடத்தை வெளிக்காற்று தன் சொந்த அழுத்தத்தால் மட்டுமே நிரப்புகிறது. நேச்சுரலி ஆஸ்பிரேட்டட் என்று ஷோரூம் தாளில் அச்சிட்டிருப்பது இதைத்தான். டர்போ இன்ஜினில், எரிந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. எங்கள் பட்டறையில் வார்க்கும் இம்பெல்லர் தண்ணீருக்குச் செய்வதைத்தான் அந்தச் சக்கரம் காற்றுக்குச் செய்கிறது: நடுவில் வாங்கி, விளிம்பு நோக்கி எறிந்து, வெளி உறையில் அந்த வேகத்தை அழுத்தமாக மாற்றுகிறது. பம்பு நிமிடத்துக்கு 2,880 சுற்று அளவில் ஓடுகிறது. சிறிய கார்களின் டர்போ இரண்டு லட்சம் சுற்று வரை போகும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. நேற்று வந்த புதுமை என்று அஞ்ச வேண்டியதில்லை.

இனி எண்களுக்கு வருவோம். சென்னையை அடுத்த ஒரகடத்தில் உருவாகும் நிசான் மேக்னைட் கார் இந்த ஒப்பீட்டுக்குப் பொருத்தமான உதாரணம். அதன் சாதாரண இன்ஜினும் 999 சிசி, டர்போ இன்ஜினும் 999 சிசி, இரண்டும் மூன்று சிலிண்டர். சாதாரணம் 72 பிஎஸ் (குதிரைத்திறன் அளவு) திறனும் 96 நியூட்டன் மீட்டர் டார்க்கும், அதாவது சக்கரத்தைத் திருப்பும் முறுக்குவிசையும், தருகிறது. டர்போ, கையால் கியர் போடும் வகையில், 100 பிஎஸ் திறனும் 160 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தருகிறது. சாதாரண இன்ஜினில் டர்போவைப் பொருத்தி விற்கிறார்கள், அதற்குப் போய் ஒரு லட்சமா என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், அது சரியன்று. அந்த இரண்டும் தனித்தனி வடிவமைப்புகள், சிலிண்டரின் விட்டம்கூட ஒன்றில்லை. டர்போ இன்ஜினின் சிலிண்டர் சுவர்களுக்கு நிசானின் ஜிடி-ஆர் விளையாட்டுக் காரில் பயன்பட்ட பூச்சுமுறை உண்டு. அழுத்தமும் வெப்பமும் கூடுவதால் எல்லா டர்போ இன்ஜினிலும் பிஸ்டன், வால்வு, குளிரூட்டும் அமைப்பு ஆகியவற்றை உறுதியாகச் செய்ய வேண்டியிருக்கிறது; அழுத்தும்போது சூடேறிய காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் என்ற தனி ரேடியேட்டரும் வேண்டும். பணம் அங்கேயும் போகிறது.

நம் நாட்டில் சிறிய கார்களின் இன்ஜின்கள் ஏன் ஒரு லிட்டர், 1.2 லிட்டர் அளவிலேயே நின்றுவிடுகின்றன என்றால், வரி அப்படி வைத்திருக்கிறது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் இருந்தால் சிறிய கார். 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அந்த எல்லையைத் தாண்டினால் 40 சதவீதம். இன்ஜினைப் பெரிதாக்காமல் திறனைக் கூட்ட நிறுவனங்களுக்கு டர்போதான் வழி. 2013இல் மறைமலை நகரிலிருந்து வந்த ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட்டிலேயே இதைப் பார்த்தோம்: அதன் 1.5 லிட்டர் சாதாரண இன்ஜின் 112 பிஎஸ், 140 நியூட்டன் மீட்டர். ஒரு லிட்டர் ஈக்கோபூஸ்ட் டர்போ 125 பிஎஸ், 170 நியூட்டன் மீட்டர்.

ஆனால் பிஎஸ் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்து போவீர்கள். மேக்னைட்டின் சாதாரண இன்ஜின் தன் 72 பிஎஸ் முழுவதையும் தருவது 6,250 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு அத்தனை சுற்றில். குடும்பத்துடன் போகும்போது அந்த எல்லைக்கு இன்ஜினை விரட்டுகிறவர் மிகச் சிலர். நம் கால் பெரும்பாலும் 1,500க்கும் 3,500க்கும் இடையிலேதான் உலவுகிறது. டர்போ தன் முழு டார்க்கை அந்த இடைவெளியின் மேல்பாதியிலேயே தந்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டும்போது சாதாரண காரில் ஐந்தாவது கியரிலிருந்து நான்கிற்கும், சில சமயம் மூன்றிற்கும் இறங்க வேண்டும். டர்போவில் கியரைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை மிதித்தால் போதும். அந்த ஒரு லட்சத்தின் பெரும்பகுதி இதற்குத்தான்.

இப்போது எங்கள் அனுபவம். என் மாமியார் வீடு உதகையில் இருப்பதால், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக மலையேறுவது எங்களுக்கு வாடிக்கை. ஒரு கல்யாணத்துக்காக இரண்டு கார்களும் ஆள் நிறைய, பெட்டி நிறைய, ஏசி போட்டபடி ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் என் கார் இரண்டாவது கியரில் 3,500 ஆர்பிஎம்முக்கு மேல் கூவிக்கொண்டே ஏறியது. மூன்றாவது போட்டால் சற்றுத் தூரத்தில் மூச்சு வாங்கிவிடும். பர்லியாறு தாண்டி, பின்னிருக்கையின் எதிர்ப்பையும் மீறி ஏசியை அணைத்தேன். மைத்துனர் முன்னால் மூன்றாவது கியரிலேயே பேசிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். மேலே போகப்போக இந்த இடைவெளி கூடத்தான் செய்யும். உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, எனவே சாதாரண இன்ஜினின் திறனும் ஏறக்குறைய அதே அளவு குறைந்துவிடுகிறது. டர்போ, காற்று மெலிந்தால் தன் சக்கரத்தை இன்னும் வேகமாகச் சுழற்றிக் குறையில் பெரும்பகுதியை ஈடுகட்டிக்கொள்கிறது.

இதைக் கேட்டு உடனே டர்போவுக்கு முன்பணம் கட்டிவிட வேண்டாம், ஏனென்றால் குன்னூர் வரும்வரை மற்றொன்றையும் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். கொண்டை ஊசி வளைவில் எதிரே பேருந்து இறங்கி வந்தால் ஏறுகிறவர் ஏறத்தாழ நிற்க வேண்டியிருக்கும். அப்போது ஆர்பிஎம் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வந்துவிடும். டர்போவைச் சுழற்றப் போதுமான புகை இருக்காது. அந்த நொடியில் மைத்துனரின் கார் டர்போவே இல்லாத வெறும் ஒரு லிட்டர் கார். என் 1.2 அந்த இடத்தில் அதைவிடத் தெம்பாக நகர்ந்தது. அவர் ஆக்சிலரேட்டரை மிதிப்பார், ஒன்றும் நடக்காது, இன்னும் மிதிப்பார், திடீரென்று வண்டி பாயும். முதல் கியருக்கு மாறினால் தீரும் சிக்கல் இது. அவரோ பாதி கிளட்சில் வைத்து இழுத்தார், வளைவு தாண்டியதும் பின்னால் வந்த என் மூக்குக்கே கிளட்ச் வாடை எட்டியது. நகர நெரிசலில் முன் காரை ஒட்டி ஊர்ந்து போகும்போதும் இதே தயக்கம் உண்டு. டார்க் கன்வெர்ட்டர் வகை (கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும்) ஆட்டோமேட்டிக் கியர் என்றால் புறப்படும்போது அதுவே விசையைப் பெருக்கிக் கொடுப்பதால் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. டர்போவை எடுப்பதென்றால், கையில் பணம் இருந்தால், ஆட்டோமேட்டிக்குடன் சேர்த்து எடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

மைலேஜ் விஷயத்தில் பலர் நம்ப மறுக்கும் தகவல் ஒன்று: மேக்னைட் வந்தபோது அறிவிக்கப்பட்ட சோதனை மைலேஜ், சாதாரண இன்ஜினுக்கு லிட்டருக்கு 18.75 கிலோமீட்டர், கையால் கியர் போடும் டர்போவுக்கு 20. டர்போதான் அதிகம். மென்மையாக ஓட்டும் சோதனையில் அது குறைந்த ஆர்பிஎம்மிலேயே வேலையை முடித்துவிடுகிறது. ஆனால் டர்போ வாங்கியவர் யாரும் சோதனைக்கூடத்தில் ஓட்டுவது போல ஓட்டுவதில்லை. எங்கள் வீட்டு நிலவரம், நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை; நகரத்துக்குள் என்னுடையது தெளிவாக முன்னால் நிற்கிறது. சோதனை எண்ணையே உண்மை என்று வைத்தாலும், நூறு கிலோமீட்டருக்கு மிச்சமாவது லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு, பெட்ரோல் நூறு ரூபாய் என்றால் முப்பத்துச் சொச்சம் ரூபாய். ஒரு லட்சத்தை மீட்க மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். மைலேஜுக்காக டர்போ வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

"டர்போ ஒரு லட்சம் கிலோமீட்டரில் போய்விடும்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்று சாலையில் ஓடும் டீசல் லாரி, பேருந்து, கார் ஆகியவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் டர்போ இருக்கிறது. அந்தப் பேருந்தில் ஏறி வந்து, பெட்ரோல் டர்போவைப் பற்றி மட்டும் பயமுறுத்துகிறார்கள். பெட்ரோல் புகையின் வெப்பம் டீசலைவிட அதிகம் என்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் டர்போவைக் கெடுப்பது பெரும்பாலும் எண்ணெய். இரண்டு லட்சம் சுற்று சுற்றும் தண்டு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் மிதந்துகொண்டிருக்கிறது. பேரிங் வேலை தெரிந்த எவருக்கும் இதைச் சொன்னவுடன் விளங்கும். எண்ணெய் தரம் குறைந்தாலோ, மாற்றும் காலம் தள்ளிப்போனாலோ, முதலில் அடிபடுவது அந்தத் தண்டு. மலையேறி முடித்தவுடன் சட்டென்று இன்ஜினை அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிடச் சொல்வதும் அந்தச் சூட்டில் எண்ணெய் கருகிவிடக் கூடாது என்பதற்காகவே.

இதில் எனக்கு ஓர் ஆறாத கோபம் உண்டு. மைத்துனரின் காரைச் சர்வீஸுக்கு விட்ட இடத்தில், கையேட்டில் முழு சிந்தெடிக் (செயற்கை முறையில் தயாரித்த உயர்தர) எண்ணெய் என்று அச்சிட்டிருக்க, பில்லில் வேறு மலிவான தரத்தின் பெயர் இருந்தது. கேட்டதற்கு, "எல்லாப் பெட்ரோல் வண்டிக்கும் இதைத்தான் சார் ஊற்றுகிறோம்" என்றார் அங்கிருந்த ஆலோசகர். நான் விடவில்லை, வடித்துவிட்டுச் சரியான எண்ணெயை ஊற்ற வைத்த பிறகுதான் சாவியை வாங்கினோம். சாதாரண இன்ஜின் இந்த அலட்சியத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். டர்போ பொறுக்காது. கையேட்டை ஒருமுறைகூடத் திறக்காதவர், பில்லைப் படிக்காமல் கையெழுத்திடுகிறவர் டர்போவைத் தவிர்ப்பதே நல்லது. இதை இகழ்ச்சியாகச் சொல்லவில்லை, எல்லோருக்கும் அதற்கு நேரம் இருப்பதில்லை.

உங்களுக்கு என் பதில்: ஓட்டம் பெரும்பாலும் நகரத்துக்குள், சொந்த ஊர் சமவெளியில் என்றால் சாதாரண இன்ஜினை எடுத்துவிட்டு மிச்சப் பணத்தை வேறு நல்ல செலவுக்கு வையுங்கள். பிற்காலத்தில் சிஎன்ஜி போடும் எண்ணம் இருந்தாலும் அதுவே வசதி. இந்தியாவில் டர்போவுடன் சிஎன்ஜி கொண்ட முதல் கார் டாடா நெக்ஸான், அது வந்ததே 2024இல்தான். ஊர் மலையிலோ மலைக்கு அப்பாலோ இருந்தால், அல்லது நால்வழிச் சாலையில் ஆள் நிறைத்துக்கொண்டு அடிக்கடி போகிறீர்கள் என்றால், டர்போவுக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. எதுவானாலும் சோதனை ஓட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டார் நால்வரை ஏற்றி, ஏசியைப் போட்டு, பக்கத்து மேம்பாலத்தின் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் மெதுவாக ஊர்ந்து, பிறகு மிதித்துப் பாருங்கள். ஷோரூம்காரர் காலிச் சாலைக்கு அழைத்துப் போய் வேகம் காட்டத்தான் விரும்புவார். ஏற்றத்துக்கு விடுங்கள் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.