கணினியா, ஆசிரியரா?

கேள்வி: அரசுப் பள்ளிகளுக்கான நிதியைக் கணினிகள் வாங்கச் செலவிடுவதா, ஆசிரியர்களை நியமிக்கச் செலவிடுவதா? – வாசகி ஒருவர், தேனி

பதில்: பெரு நாட்டின் அனுபவத்தைப் பார்த்தபின் என் வாக்கு ஆசிரியருக்கே. அந்நாட்டு அரசு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வாங்கிப் பள்ளிகளுக்கு வழங்கியது. ஏழைக் கிராமங்களின் 319 தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து, அமெரிக்க நாடுகளுக்கிடையேயான வளர்ச்சி வங்கி 2012-இல் வெளியிட்ட அறிக்கை, சுமார் 15 மாதங்கள் கழிந்த பின்னும் கணிதத்திலோ மொழியிலோ மாணவர்கள் முன்னேறியதற்குச் சான்றில்லை என்றது. பொதுவான சிந்தனைத் திறனில் சிறிது ஏற்றம் தெரிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாடத்தோடு கருவியை இணைக்கத் தெரிந்தவர் வகுப்பில் இல்லாதபோது, கருவி வேறென்ன செய்யும்? ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சுமக்கும் பள்ளியில் முதலில் காலிப் பணியிடத்தை நிரப்புங்கள். ஆசிரியர் போதுமான அளவில் உள்ள பள்ளியில், அவரே கேட்டு வாங்கும் கணினிக்கு நான் எதிரியல்லன்.