கேள்வி–பதில்: பேக்அப் சர்வர்களுக்கிடையே ரெப்ளிகேஷனைக் கையால் தொடங்க

கேள்வி: முதல் பேக்அப் சர்வரிலிருந்து இரண்டாவதற்கு இசட்எஃப்எஸ் (ஒரு ஃபைல் சிஸ்டம்) ஸ்னாப்ஷாட் (டேட்டாவின் அந்த நேரத்து உறைநிலைப் பதிவு) வழியாக ராத்திரிதோறும் ரெப்ளிகேஷன், அதாவது நகலெடுப்பு, ஓடும். ஒரு ராத்திரி நெட்வொர்க் பாதியில் அறுந்தது. மறுநாளே சரியாகிவிட்டது. ஆனாலும் அடுத்த 2 ராத்திரியும் ஜாப் தோற்றுவிட்டது. கையால் எப்படித் தொடங்குவது?

பதில்: தொடங்குவது ஒரே வரிக் கட்டளைதான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவைதான் அதிகம்.

முதலில், பழைய ஜாப் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று இரண்டு சர்வரிலும் ப்ராசஸ் பட்டியலில் பாருங்கள். லைன் அறுந்தபின் எஸ்எஸ்ஹெச் (சர்வர்களுக்கிடையேயான பாதுகாப்பான இணைப்பு) செஷன் தொங்கிக்கொண்டே நிற்பது சகஜம். ரிசீவ் (பெறும் கட்டளை) ஒன்று ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கும் டேட்டாசெட்டில் (இசட்எஃப்எஸ்ஸில் தனியாக நிர்வகிக்கும் பகுதி) இன்னொன்றைத் தொடங்கினால் ‘பிஸி’ என்று பிழை வரும். ப்ராசஸ் இல்லாமல் லாக் ஃபைல் (ஒரே ஜாப் இருமுறை ஓடாமல் தடுக்கும் பூட்டு) மட்டும் மிஞ்சியிருந்தால் அதை அழிக்கலாம். ப்ராசஸ் இருக்கும்போது லாக்கில் கை வைக்காதீர்கள்.

அடுத்து, பெறும் சர்வரில் அந்த டேட்டாசெட்டின் ‘ரிசீவ் ரெஸ்யூம் டோக்கன்’ என்ற ப்ராப்பர்ட்டியைப் பாருங்கள். சிறு கோடு மட்டும் இருந்தால் ஒன்றுமில்லை. நீளமான எழுத்துக்கோவை இருந்தால், நெட்வொர்க் சரியான பிறகும் ஜாப் தோற்றதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ரிசீவில் ‘எஸ்’ சேர்த்து ஓட்டியிருப்பதால் பாதி வந்த டேட்டா அங்கே காத்திருக்கிறது. அது இருக்கும்வரை புது இன்க்ரிமென்டலை (மாறியதை மட்டும் அனுப்புவதை) அந்த டேட்டாசெட் ஏற்காது. டோக்கனை அப்படியே காப்பி செய்து, அனுப்பும் பக்கம் சென்ட் கட்டளைக்கு, டோக்கனின் முதலெழுத்தான ‘டி’ ஆப்ஷனோடு கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒன்றைக் கவனியுங்கள்: டோக்கன் முடித்துக்கொடுப்பது பாதியில் நின்ற அந்த ஒரு ஸ்னாப்ஷாட்டை மட்டுமே. மீதி ராத்திரிகளுக்குத் தனியாக இன்னொரு முறை அனுப்ப வேண்டும். அந்த ஸ்னாப்ஷாட் மூல சர்வரில் இதற்குள் அழிந்திருந்தால் டோக்கன் உதவாது. ரிசீவில் கேப்பிட்டல் ‘ஏ’ கொடுத்துப் பாதி டேட்டாவைத் தள்ளிவிடுங்கள்.

இனி, இரண்டு பக்கமும் பொதுவாக உள்ள கடைசி ஸ்னாப்ஷாட்டைக் கண்டுபிடியுங்கள். பெயர் ஒன்றாக இருப்பது போதாது, ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்கும் உரிய ஜியூஐடி என்ற தனி அடையாள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். கிடைத்ததும் மூல சர்வரில் அதற்கு ‘ஹோல்ட்’ (அழிக்க முடியாதபடி பிடித்துவைப்பது) போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே பழசைக் கழிக்கும் ஜாப் வந்து அதைத் துடைத்துவிடக்கூடும். பொது ஸ்னாப்ஷாட் மூலத்தில் ஏற்கெனவே போய்விட்டது, ஆனால் அதன் புக்மார்க் (டேட்டா இல்லாமல் ஸ்னாப்ஷாட்டின் இடத்தை மட்டும் குறிக்கும் அடையாளம்) இருக்கிறது என்றால் ஸ்மால் ‘ஐ’ வைத்து இன்க்ரிமென்டல் அனுப்பலாம்; கேப்பிட்டல் ‘ஐ’ புக்மார்க்கை ஏற்காது. புக்மார்க்கும் இல்லையென்றால் முழுவதையும் அனுப்புவதைத் தவிர வழியில்லை.

பொது ஸ்னாப்ஷாட் இருந்தால் கேப்பிட்டல் ‘ஐ’ கொடுங்கள். இடைப்பட்ட எல்லா ராத்திரியும் போய்ச் சேரும். ஸ்மால் ‘ஐ’ கடைசி ஒன்றை மட்டுமே கொண்டுபோகும். முதலில் ‘என்’, ‘வி’ இரண்டையும் சேர்த்து ஓட்டினால், டேட்டா நகராமல் மொத்த அளவு மட்டும் தெரியும். 100 எம்பிபிஎஸ் லிங்க்கில் 1 டிபி போக ஏறக்குறைய 25 மணி நேரம், 1 ஜிபிபிஎஸ்ஸில் இரண்டரை மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிமக்ஸுக்குள் (இணைப்பு அறுந்தாலும் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும் டெர்மினல்) ஓட்டுங்கள், லேப்டாப்பை மூடினால் ஜாப் சாகாது.

‘டெஸ்டினேஷன் மாடிஃபைட்’ என்று பிழை வந்தால், யாரோ இரண்டாவது சர்வரில் அந்த டேட்டாசெட்டை மவுன்ட் செய்து பார்த்திருப்பார்கள். ஃபைலைத் திறந்த நேரம் பதிவானாலே அது மாற்றம்தான். ரிசீவில் கேப்பிட்டல் ‘எஃப்’ அதைப் பின்னுக்கு உருட்டும். ஆனால் சென்டில் கேப்பிட்டல் ‘ஆர்’ சேர்ந்திருந்தால், மூலத்தில் இல்லாத ஸ்னாப்ஷாட்டுகளையும் அதே ‘எஃப்’ அழித்துவிடும். நீண்ட நாள் பேக்அப்பை இரண்டாவது சர்வரில் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது பேரிழப்பு. பெறும் பக்கம் ‘ரீட்ஒன்லி’யை ஆன் செய்துவைத்தால் இந்தப் பிழையே எழாது, ரிசீவும் தடைபடாது.

கேள்வி: ஆர்சிங்க்கை (ஃபைல்களை நகலெடுத்து ஒத்திசைக்கும் கருவி) ‘டெலீட்’ ஆப்ஷனோடு கையால் ஓட்டினோம். இரண்டாவது சர்வர் மொத்தமாகக் காலியாகிவிட்டது. எப்படி?

பதில்: மூல டிஸ்க் மவுன்ட் ஆகாமல் இருந்திருக்க வேண்டும். காலி டைரக்டரி ஆர்சிங்க்குக்குப் பிழையாகத் தெரியாது. மூலத்தில் ஒன்றுமில்லை, அங்கேயும் ஒன்றும் இருக்க வேண்டாம் என்று அழித்துவிடும். ‘மவுன்ட்பாயின்ட்’ கட்டளையால் முதலில் சோதித்துவிட்டு, ‘ட்ரை ரன்’ ஓட்டி, அழியப்போகும் பட்டியலைக் கண்ணால் பாருங்கள். ‘மேக்ஸ் டெலீட்’டில் ஒரு வரம்பும் வையுங்கள். ஹார்ட்லிங்க் (ஒரே டேட்டாவுக்குப் பல பெயர்) முறையில் சேரும் பேக்அப்பாக இருந்தால் கேப்பிட்டல் ‘ஹெச்’ கட்டாயம். ‘ஏ’ ஆப்ஷனில் அது அடங்காது. விட்டுவிட்டால் ஒவ்வொரு நாளும் தனி நகலாகி டிஸ்க் நிரம்பிவிடும்.

கேள்வி: ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்அப் சர்வரில் சிங்க் ஜாபுக்கு ‘ரன் நவ்’ அழுத்தினால் ஓகே என்று முடிகிறது. ஆனால் இரண்டாவது சர்வரில் தவறி அழித்த போன வார ஸ்னாப்ஷாட் திரும்ப வரவில்லையே?

பதில்: வராது. ஒவ்வொரு குரூப்பிலும் தன்னிடம் உள்ள கடைசி ஸ்னாப்ஷாட்டைவிடப் பழையவற்றை சிங்க் தாண்டிப் போய்விடும். டாஸ்க் லாக்கில் ‘ஸ்கிப்டு’ என்று எண்ணிக்கை இருக்கும். அதே டேட்டாஸ்டோரில் (பேக்அப் சேமிப்பிடம்) காலி நேம்ஸ்பேஸ் (அதற்குள் ஒரு தனிப் பிரிவு) ஒன்றைத் திறந்து, அதற்கு ஒரு சிங்க் ஜாப் போட்டு ஓட்டுங்கள். ஏற்கெனவே இருக்கும் சங்க்குகள் (டேட்டாத் துண்டுகள்) மறுபடி இறங்காது என்பதால் இடமும் நேரமும் அதிகம் போகாது. முடிந்ததும் வெரிஃபை ஓட்டுங்கள்.

கேள்வி: பகலில் கையால் ஓட்டினால் ஆபீஸ் நெட் நத்தையாகிறது.

பதில்: ஆர்சிங்க்கில் ‘பிடபிள்யூலிமிட்’ இருக்கிறது. வெறும் எண் கொடுத்தால் அது விநாடிக்குக் கிலோபைட் கணக்கு, பிட் அல்ல: 5000 என்றால் சுமார் 40 எம்பிபிஎஸ். இசட்எஃப்எஸ்ஸுக்கு சென்டுக்கும் எஸ்எஸ்ஹெச்சுக்கும் நடுவே ‘பிவி’யை (கடந்துபோகும் டேட்டாவின் வேகத்தைக் காட்டும் கருவி) வைத்து, கேப்பிட்டல் ‘எல்’லில் வரம்பு கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே வரம்பை மாற்ற, இன்னொரு டெர்மினலில் ‘பிவி’க்குக் கேப்பிட்டல் ‘ஆர்’ரோடு அந்த ப்ராசஸ் எண்ணையும் கேப்பிட்டல் ‘எல்’லோடு புது வரம்பையும் சொன்னால் போதும்.